மூளைக் கட்டியும் கைத்தொலைபேசியும்

காய்ச்சற்காரரிடம் “இன்று எப்படி?” என்று கேட்டால் அவரே பதில் சொல்வார். மூளையிற் கட்டி வளர்ந்தவரிடம் கேட்டால்? பதிலைத் தேடிச் சொல்லவேண்டிய உறுப்பே அங்கு நோயுற்றிருக்கிறது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்றைய பாடம் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

நோயாளருக்கு உதவவென்று இன்று கைத்தொலைபேசிச் செயலிகள் பல உருவாக்கப்படுகின்றன. மருந்து நேரத்தை நினைவூட்டுவன சில. நோய்க்குறிகளை வைத்தியசாலைக்கு அறிவிப்பன சில. இவற்றின் பயன் சிறியதன்று. நியூயோர்க் நகரின் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில் 766 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தம் வலி, வாந்தி, களைப்பு முதலியவற்றைக் கணினி வழியே தாமே அறிவித்து வந்தனர். குறி கடுமையானால் தாதிக்கு உடனே மின்னஞ்சல் சென்றது. 2017இல் வெளிவந்த முடிவின்படி, இவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதங்கள், வழமையான கவனிப்பைப் பெற்றோருக்கு 26 மாதங்கள். இங்கே மறுமுனையிலிருந்த தாதியை மறந்துவிடாதீர்கள். வாசிப்பாரற்ற செயலி, தபாற்காரன் திறக்காத தபாற்பெட்டிக்குச் சமம்.

ஆனால் அந்த ஆய்விலே பங்குபற்றியோர் மார்பகம், சுவாசப்பை போன்ற உறுப்புகளிற் புற்றுநோய் கண்டவர்கள். அதே கருவியை மூளைக் கட்டி நோயாளரிடம் அப்படியே கொடுக்கலாமா? நெதர்லாந்தில், மூளைக் கட்டியோடு மனச்சோர்வுக்கும் ஆளானவர்களுக்கென இணையவழிப் பயிற்சியொன்று நடத்திப் பார்த்தார்கள். 2018இல் அதன் முடிவு வெளிவந்தது. சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் பயிற்சியை இறுதிவரை முடிக்கவில்லை.

இதை அக்கறைக் குறைவு என்று எண்ணிவிடலாகாது. கட்டி முன்மூளையில் இருந்தால், ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கும் ஊக்கமே குன்றிவிடும். பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்க மூளையைச் சார்ந்தது. அங்கு கட்டி வந்தால் வாசிப்பும் பேச்சும் தடுமாறும். வலப்பக்க மூளையின் பின்பகுதியில் வந்தால், திரையின் இடது பாதி கண்ணிற் படாமலே போகலாம். கதிர்ச் சிகிச்சையின் களைப்பும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே இக்கருவியை வடிவமைப்போர் கவனிக்கவேண்டியவை இவை:

1. ஒரு திரையில் ஒரு கேள்வி போதும். எழுத்துப் பெரிதாகவும் சொல் எளிதாகவும் இருக்கவேண்டும். வாசிக்க இயலாதவருக்குக் குரலும் படமும் வேண்டும். வலிப்பு வரக்கூடியவர்கள் ஆதலால் மின்னி மறையும் படங்கள் கூடா. ஒரு விநாடியில் மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னலாகாது என்பது இணைய வடிவமைப்பில் அனைத்துலக வழிகாட்டு நெறியாகும்.

2. மருந்து நினைவூட்டல் சிகிச்சை முறையோடு பொருந்தவேண்டும். ரெமோசொலோமைட் என்னும் மருந்தைக் கதிர்ச் சிகிச்சை முடிந்தபின் வழமையாக 28 நாட் சுற்றில் முதல் 5 நாட்கள் மாத்திரமே கொடுப்பர். நாள்தோறும் ஒரே மணியை அடிக்கும் கருவி இங்கு உதவியன்று, ஆபத்து.

3. பராமரிப்பவருக்குத் தனி வாசல் வேண்டும். குணமாற்றத்தை நோயாளி தாமே உணராதிருக்கலாம். அதைக் காண்பவர் மனைவியோ மகளோதான். “இன்று அவர் என்மேல் கை ஓங்கினார்” என்று, கணவர் வாசிக்கும் அதே பக்கத்தில் ஒரு மனைவி எப்படி எழுதுவாள்? அவளுடைய நித்திரையின்மையையும் பயத்தையும் கேட்கும் கேள்விகளும் அந்த வாசலுக்குள் இருக்கவேண்டும். அவள் நோயாளியின் கைத்தடியல்லள், அவளும் தாங்கப்படவேண்டியவள்.

4. எவர் எதைப் பார்க்கலாம் என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பேச்சு மங்கியபின் கேட்பது காலம் கடந்த மரியாதை.

5. அவசர நிலைக்குச் செயலி மருந்தன்று என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லவேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் எழுதிக்கொண்டிராமல் நோயாளர் ஊர்தியை அழைக்கவேண்டும். இலங்கையில் அதன் இலக்கம் 1990.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டில் இந்நோய் கண்ட ஒருவர் இருந்து, உங்களிடம் ஒரு செயலியைத் தந்தால், மூன்று கேள்விகளைத் தயங்காமற் கேளுங்கள். நாங்கள் எழுதுவதை யார் வாசிப்பார்? எத்தனை மணி நேரத்தில் பதில் வரும்? பராமரிக்கும் எனக்கு இதில் இடமுண்டா? விடை திருப்தியாக இல்லையானால், ஒரு சாதாரணக் கொப்பியைக் கையிலெடுங்கள். தலையிடி, வலிப்பு, நித்திரை, உண்ட குளிசை, நடத்தையில் வந்த மாற்றம் ஆகியவற்றைத் திகதியோடு குறித்து, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரின் மேசையில் வையுங்கள். நோயாளியின் மூளை மறந்ததை வீட்டார் நினைவில் வைத்திருந்து சொல்லவேண்டும். கருவி எதுவானாலும் அந்தப் பணிக்கே அது துணை நிற்கவேண்டும்.