ஓடுகிறது என்பதற்காக வைத்திருப்பதா?

கே: புது லேப்டாப்பில் எட்ஜ்தான் வந்தது. பேங்க் வேலைக்குக் குரோம் போட்டால்தான் பாதுகாப்பு என்கிறான் என் தம்பி. போடட்டுமா? (சேலம் வாசகி)

ப: தேவையில்லை. 2020 ஜனவரியிலிருந்து எட்ஜுக்குள் ஓடுவதும் குரோமில் இருக்கும் அதே குரோமியம் என்ற அடிப்படை மென்பொருள்தான். ஒன்றில் அடைத்த ஓட்டையை மற்றதிலும் சீக்கிரமே அடைத்துவிடுகிறார்கள்.

மாற்றத்தான் ஆசையென்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். பேங்க் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தில் மோசடிக்காரரின் நம்பர் இருக்கலாம். அது கண்ணிலேயே படாமல் போனால் நல்லதுதானே? குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால், அங்கே கிடைப்பது அதன் சுருங்கிய லைட் வடிவம் மட்டுமே.

கே: இன்காக்னிட்டோவில் திறந்தால் வைரஸ் வராதுதானே? (நாகர்கோவில் வாசகர்)

ப: வரும். உங்கள் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான்.

கே: எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். ஒரு சைட் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறக்கும் என்பதால் அதை விடவில்லை. மெயில், நெட் பேங்கிங் எல்லாமே அதிலேயே பார்க்கிறோம். நன்றாகத்தானே ஓடுகிறது? (ஈரோடு வாசகர்)

ப: ஓடுகிறது என்பது ஒரு காரணமா? விண்டோஸ் 7-க்கு இலவச அப்டேட் 2020 ஜனவரி 14-உடன் நின்றது. எக்ஸ்புளோரரை 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட்டே ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகள் உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கின்றன. அதில் உட்கார்ந்து கம்பெனிப் பணத்தை அனுப்புகிறீர்கள்!

விண்டோஸோடு வந்ததாலேயே எக்ஸ்புளோரரின் அந்த நீல 'e' எழுத்தைத்தான் இன்டர்நெட் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டிருந்தது. போட்டி இல்லாமல் போனதும் என்ன நடந்தது? 2001-ல் ஆறாம் பதிப்பு வந்தது; ஏழாவது வர 2006 அக்டோபர் ஆயிற்று. இடையில், 2004 ஜூனில், மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் மென்பொருளில் இயங்கிய நல்ல நல்ல சைட்களுக்குள் புகுந்து, பக்கங்களின் அடியில் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை எக்ஸ்புளோரரில் திறந்தாலே போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். கீபோர்டில் தட்டுவதைத் திருடும் புரோகிராம் உள்ளே வந்துவிடும். அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் அப்போது சொன்ன வழிகளில் ஒன்று, வேறு பிரவுசருக்கு மாறுங்கள் என்பது. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 அதே ஆண்டு நவம்பரில் வந்தது. 2010 ஜனவரியில், கூகுள் உட்படப் பல நிறுவனங்களுக்குள் எக்ஸ்புளோரர் ஓட்டை வழியாக ஆட்கள் நுழைந்தது தெரிந்ததும், ஜெர்மனி, பிரான்ஸ் அரசு அமைப்புகளும் வேறு பிரவுசருக்கு மாறவே சொல்லின.

வேறு பிரவுசர் போட்டதோடு விஷயம் முடிந்துவிடாது என்பதையும் கேளுங்கள். 2021 செப்டம்பரில் வெளியான தாக்குதலில் யாரும் எக்ஸ்புளோரரைத் திறக்கவே இல்லை; மெயிலில் வந்த வேர்டு ஃபைலைத் திறந்தார்கள். விண்டோஸுக்குள் தங்கிவிட்ட எக்ஸ்புளோரரின் எஞ்சின் மற்றதைச் செய்தது. அப்டேட் வரும் விண்டோஸ் தேவை என்பது அதனால்தான்.

விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் ஒன்று வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். அதிலுள்ள எட்ஜின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோட் இருக்கும். உங்கள் ஒரு சைட்டின் முகவரியை மட்டும் அங்கே சேருங்கள். 30 நாளில் அது காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். 2029 வரையாவது இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. புதுசு வரும்வரை பழையதில் அந்தச் சைட்டைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள். நெட் பேங்கிங்கை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கே: நாற்பது டேப் திறந்திருக்கும்போது குரோம் அப்டேட் கேட்கிறது. தள்ளிப்போடலாமா? (கோவை வாசகர்)

ப: கூடாது. வலது மூலையில் வரும் அப்டேட் அடையாளம் முதலில் பச்சை, பிறகு ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. 2023 ஆகஸ்ட் முதல் குரோம் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. ரீலாஞ்ச் கொடுங்கள், சாதாரண டேப்கள் திரும்ப வந்துவிடும்.

கே: நல்ல ரேட்டிங் உள்ள எக்ஸ்டென்ஷன் என்றால் பயமில்லையே? (திருநெல்வேலி வாசகி)

ப: இன்றைக்கு நல்லவர் கையில் இருப்பது நாளை யார் கைக்குப் போகும்? பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டரை 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். உருவாக்கியவர் 2020-ல் அதை அடையாளம் தெரியாத ஒருவருக்கு விற்றார். தீங்கான நிரல் இருப்பதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. மறந்துபோன எக்ஸ்டென்ஷன்களை இப்போதே எடுத்துவிடுங்கள். கூப்பன் தேடித் தருவதை முதலில்.

கே: அப்பாவின் போனில் இன்னும் யூசி பிரவுசர்தான். மாற்றினால் கோபிப்பார். (மதுரை வாசகி)

ப: 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. ஸ்டோரிலிருந்து போய்விட்டதால் அப்டேட்டும் இல்லை. எடுத்துவிடுங்கள். அவர் தினமும் படிக்கும் பேப்பரைக் குரோமில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடுங்கள். யூசி ஐகான் இருந்த இடத்திலேயே அதை வைத்துக் கொடுத்தால் தேட மாட்டார்.