துண்டு மரம் வாங்கும் முன்

ரயில்வேயில் ஓய்வு பெற்று ஏ.எஸ்.ராவ் நகரில் குடியேறியபின் எனக்குத் தச்சு வேலைதான் பொழுதுபோக்கு. பேரனுக்குச் செய்த முதல் மர ரயில் ஒரே மாதத்தில் பிளந்துவிட்டது. காரணம், காயாத மரம். அதன்பின் கற்றவை இவை:

1. தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் தேக்குத் துண்டுகளை விறகு விலைக்குக் கேட்டுப் பாருங்கள். நிழலில் அடுக்கி, வாரந்தோறும் நிறுங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது என்று பொருள்.

2. செர்லப்பள்ளி தொழிற்பேட்டைப் பக்கம் இறக்குமதிப் பெட்டிப் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்பது உள்மரம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. 'எம்.பி.' என்பது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது, வேண்டாம்.

3. பழைய ரயில் சிலீப்பர் கட்டை இலவசமாகக் கிடைத்தாலும் பொம்மைக்கு ஆகாது. கரையான் அரிக்காமலிருக்க அவற்றில் பலவற்றுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். குழந்தை எதையும் வாயில் வைக்கும் அல்லவா?

பேரனின் இரண்டாவது ரயில் இன்றும் ஓடுகிறது.