கல்லும் சிலையும் கற்பிக்கும் பாடம்



திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாயிலின் கற்களில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துக்களும் உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர் அழிப்பர் என முன்னுரைக்கும் பாடல் அது என்பர். இதைக் கேட்கும் பிள்ளைகள், "அது மந்திரக் கல்லா?" என்று வினவக்கூடும். என்ன மறுமொழி கூறுவீர்கள்?

அதில் மந்திரம் ஒன்றுமில்லை. நடந்ததற்குச் சாட்சியாக நிற்கும் கல் அது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அம்மலைமேல் இருந்தது. 1620-களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டுவித்தான். துறைமுகத்தைக் காப்பது ஒரு நோக்கம். பிற சமயச் சிலைகள் பேயின் இருப்பிடம் என்ற அக்கால எண்ணமும் அதற்குத் துணைநின்றது. இடித்தவர்கள் கத்தோலிக்கர் என்பதை நாம் மறைத்தலாகாது.

1950-ல் நிலத்தைத் தோண்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956-ல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கோயிற் கற்களைக் கண்டனர். 1963-ல், மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

சிலையில் பேய் உண்டென்று அஞ்சி உடைப்பதும், தாயத்தில் சக்தி உண்டென்று நம்பிக் கட்டுவதும் ஒரே வேரின் இரு கிளைகள். இரண்டும் பொருளுக்கே வல்லமை இருப்பதாக எண்ணுகின்றன. மந்திரவாதி மேலுலகச் சக்தியைத் தன் விருப்பத்துக்கு வளைக்கப் பார்க்கிறான். செபிக்கிறவனோ இறைவனின் சித்தத்துக்குத் தன்னையே வளைக்கிறான்.

மோயீசன் பாலைவனத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பை எண்ணிப் பாருங்கள். இறைவன் கட்டளையால் செய்யப்பட்ட அதற்கே பிற்காலத்தார் தூபங்காட்டத் தொடங்கினர். எசேக்கியா அரசன் அதை உடைத்தான் (2 அரசர் 18:4). தன் சொந்த மக்களின் மூடநம்பிக்கையையே அவன் முதலில் திருத்தினான்.

பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் போதித்தது. பிற மக்களின் பண்பாட்டுக்கும் சமயங்களுக்கும் எதிராகத் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 மார்ச் 12-ல் இறைவனிடம் மன்னிப்புக் கோரினார். ஆகவே கோணேசர் கோயிலின் கதையைப் பிள்ளைகளுக்கு ஒளியாது சொல்லுங்கள்.

பிறகு உங்கள் வீட்டையும் பாருங்கள். உத்தரியம் கழுத்தில் காப்பாகக் கிடக்கிறதா, கன்னிமரியாளிடம் நம்மை ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாகவா? செபமாலை ஆணியில் தொங்குகிறதா, அந்தியில் கைகளுக்கு வருகிறதா?