மூதாட்டியின் கைகள்: ஓர் இளம் ஆசிரியைக்குக் கடிதம்

அரியாங்குப்பம்

அன்புள்ள மாணவிக்கு ஆசிகள்.

சமூகவியல் முதலாண்டு வகுப்பில் வறுமையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை நீ போட்டுக் காட்டியதாகவும், பிள்ளைகளிற் பலர் கண்கலங்கியதாகவும், மணியடித்து வெளியே வந்ததும் அவர்களே கைபேசியில் தள்ளுபடி விலைக்கு வந்திருக்கும் காலணிகளைக் குறித்து உற்சாகமாகப் பேசிக்கொண்டு போனதாகவும் எழுதி, குறை படத்திலா, உன்னிடத்திலா, பிள்ளைகளிடத்திலா என்று கேட்டிருந்தாய். மூன்றிடத்திலும் இல்லை அம்மா. திரையை இறக்கி விளக்கை அணைத்து இருபது நிமிஷம் ஒரு வீடியோவை ஓடவிட்டால் பாடத்திற் பாதி முடிந்தது என்று நம்முடைய கல்லூரிகளில் பரவியிருக்கும் பிரமையிலேதான் குறை இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. படத்தைப் பார்த்து இரங்குகிறவன் தன்னைக் காட்சிக்கு வெளியே பத்திரமாக நிறுத்திக்கொண்டே இரங்குகிறான். வறுமையை உண்டாக்கும் ஏற்பாட்டில் தன்னுடைய இடம் எது என்று அவன் கேட்டுக்கொள்வதில்லை. அழுது தீர்த்துவிட்ட பிறகு கேட்டுக்கொள்ளவேண்டிய அவசியமும் அவனுக்குத் தோன்றுவதில்லை.

நுகர்வையும் வர்க்கத்தையும் ஆராய்ந்த வெப்லனையும் மார்க்ஸையும் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979-ல் வெளியிட்ட 'லா திஸ்தேங்க்சியோன்' என்ற பெருநூலில், நம்மவர்கள் கலாசார மூலதனம் என்ற ஒரு பதத்தை மாத்திரம் பிடுங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. 1960-களில் 1,217 பேரிடம் நடத்திய விசாரணையை ஆதாரமாகக் கொண்ட அந்த நூலில், ஒரு மூதாட்டியின் கைகளைக் காட்டும் புகைப்படத்தைப் பலதரப்பட்ட மனிதர்களிடம் நீட்டி அபிப்பிராயம் கேட்ட செய்தி வருகிறது. உடலுழைப்பால் பிழைக்கிறவர்கள் அந்தக் கைகளின் கோணலையும் வீக்கத்தையும் கண்டு, பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று அவளைப் பற்றியே பேசுகிறார்கள். படிப்பும் பதவியும் ஏற ஏற அந்தக் கிழவி மெல்ல மறைந்துபோக, உழைப்பு என்னும் தத்துவத்தின் சின்னமாகவும், அழகிய படமாகவும், பிளொபேரின் நாவலில் வரும் வயோதிக வேலைக்காரியை நினைவூட்டும் ஒன்றாகவும் அதே கைகள் மாறிவிடுகின்றன. படம் ஒன்றுதான், பார்த்த கண்ணுக்குப் பின்னால் நின்ற வாழ்க்கைதான் வெவ்வேறு. (அந்த நாவலைத் தேடியெடுத்து விவசாயக் கண்காட்சி அத்தியாயத்தைப் படி. ஐம்பத்துநான்கு வருஷம் ஒரே பண்ணையில் உழைத்த அக்கிழவிக்கு ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் கொடுத்துக் கையைத் தட்டுகிறார்களே, அதைவிடக் கொடிய பரிகாசத்தை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.)

ஆகவே ஒரு வீடியோவினால் வர்க்க பேதத்தைக் கற்பிக்க விரும்பினால், படத்தைக் காட்டிலும் அதைப் பார்த்தவர்களின் விவரணையே உனக்குப் பாடப்பொருள். உன் வகுப்பில் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை இருக்கும். நகரத்துக் கடைத்தெருவில் பரம்பரையாக வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை இருக்கும். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்துப் பிள்ளையும் ஒன்றிரண்டு இருக்கலாம். இவர்கள் ஒரே காட்சியில் ஒரே பொருளைக் காண்பார்கள் என்று எதிர்பார்ப்பது அறிவீனம்.

எந்தப் படத்தைக் காட்டலாம் என்றால் தயங்காமல் சொல்வேன்: 2015-ல் திரைக்கு வந்த மணிகண்டனின் 'காக்கா முட்டை'. ரயில் பாதையோரம் கரி பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள் பீட்சா தின்ன ஆசைப்பட்ட கதை என்று எல்லாரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அச்சிறுவர்கள் காக்கை முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டி, அவர்கள் விளையாடிய நிலத்தின்மேலே அந்தப் பீட்சாக் கடை எழும்புகிறது என்பதையும், 2006-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தை நினைவூட்டும்படி குடிசைக்குள் வந்து சேர்ந்த தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாகவே அந்த ஆசையும் உள்ளே நுழைகிறது என்பதையும் எத்தனை பேர் கவனித்தார்கள்? என்னைக் கேட்டால், அப்படத்தின் உயிர்நிலை கடைவாசலில் நிற்கும் காவலாளி. தன் சம்பளத்தில் அந்தப் பண்டத்தை வாங்கித் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துணியமாட்டான் என்று நாம் ஊகிக்கக்கூடிய ஒருவனே, உள்ளே வரத் தகாதவர் யார் என்று ஒரே பார்வையில் தீர்மானித்துத் துரத்துகிறான். காசு சேர்த்துக்கொண்டு வந்தபோதும் துரத்துகிறான். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தபோதும் உள்ளே விடுவதில்லை. மதிலை எழுப்பியவன் அங்கே நிற்பதே கிடையாது. மதிலுக்கு வெளியே பிறந்தவனைக் கொண்டே மதில் காக்கப்படுகிறது. வர்க்கம் என்பது வருமானப் பட்டியல் என்று மனப்பாடம் செய்து வந்த மாணவனுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

அப்படத்தில் இன்னொன்றும் உண்டு. கடைவாசலில் மூத்த சிறுவன் வாங்கிய அறையை ஒருவன் கைபேசியில் பிடித்துவிட, அந்த வீடியோவைக் காட்டிக் கடைக்காரனிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் இரண்டு உள்ளூர் ஆசாமிகள். பிறகு செய்தி அலைவரிசைகளும் அதைத் தின்று கொழுக்கின்றன. ஏழையின் அவமானமே சந்தைக்கு வரும் சரக்காகிவிடுகிறது. வகுப்பறையில் நாம் ஓட்டும் வறுமைப் படமும் அவ்விதச் சரக்காக ஆகிவிடுமோ என்று ஆசிரியர்கள் ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டும்.

அடுத்தபடியாக, நம் புதுச்சேரியைப் பற்றிய ஏதேனும் ஓர் உல்லாசப் பயண வீடியோவை எடு, ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, வெள்ளைக்கோப்பையில் காப்பி, நம் பக்கத்துச் சுண்ணாம்பாற்றுப் படகு. ஒலியை நிறுத்திவிட்டு இரண்டுதரம் ஓட்டி, இதில் இல்லாதது என்ன என்று எழுதச் சொல். வெள்ளையர் பட்டணத்தையும் கறுப்பர் பட்டணத்தையும் பிரித்த வாய்க்கால் அதில் இராது. 1936 ஜூலை 30-ஆம் தேதி பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சவானா பஞ்சாலை இராது. எட்டுமணி நேர வேலை என்ற உரிமை அந்த இரத்தத்தின் விலையாக இவ்வூருக்கு வந்தது என்பதும் இராது. நுகரும் கையை மாத்திரம் காட்டி, செய்த கையை மறைப்பது விளம்பரத்தின் ஸ்வபாவம்.

இதில் நம் அரிக்கமேடு எவ்வளவோ நேர்மையானது. 1945-ல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரி மதுஜாடிகளின் ஓடுகளும் இத்தாலிய முத்திரையிட்ட கலங்களும் கிடைத்தன என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் பாதி செய்து கைவிட்ட மணிகளும், துளையிடும்போது உடைந்தவையும், பட்டறைக் கழிவும் அந்த மண்ணில் கிடந்ததை யார் பேசுகிறார்கள்? இந்தியா ஆண்டுதோறும் ரோமாபுரியிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்குக் குறையாமல் உறிஞ்சுகிறது என்றும், இங்கிருந்து போகும் சரக்கு அங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் முதல் நூற்றாண்டில் புலம்பிய மூத்த பிளினிக்கு, அந்த மணியைத் துளைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்ற கவலை இல்லை. ஆடம்பரத்தைக் கண்டிப்பவர்கள் அன்றும் இன்றும் இப்படித்தான். வாங்குகிறவளைத் திட்டுவதோடு அவர்களுடைய தர்மாவேசம் தீர்ந்துபோகிறது. உன் மாணவர்களைக் காலணிக்காகக் கடிந்துகொள்ளாதே என்று சொல்வது இதனால்தான். அந்தக் காலணியை எந்த ஊரில், எந்தக் கூலிக்கு, யார் தைத்தார்கள் என்று தேடிவரச் சொல். விடை கிடைக்காமல் திரும்பி வந்தால் அதுவே பாடம்.

கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். தகப்பனாரின் தொழிலையும் வருமானத்தையும் சொல்லச் சொல்லி வகுப்பில் எவரையும் எழுப்பி நிறுத்தாதே; சமத்துவம் கற்பிக்கப் புகுந்த இடத்தில் அந்தக் கடைவாசல் காவலாளியின் உத்தியோகத்தை நீ ஏற்றுக்கொண்டதாக ஆகும். பெயரில்லாத தாள்களில் எழுதி வாங்கு. 'என்ன உணர்ந்தாய்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'என்ன கண்டாய்' என்று மட்டும் கேள். அடுத்த வகுப்பில் அத்தாள்களைக் கலந்து வாசித்துக் காட்டு. ஒருவர் கண்டது இன்னொருவர் கண்ணில் படவேயில்லை என்பதை அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதாவிட்டால் இரண்டாக எடுத்துக்கொள், பாடத்திட்டம் ஓடிப்போகாது.

வாசித்து முடிந்ததும், உன் வியாக்கியானம் எதுவும் சேர்க்காமல், அந்தத் தாள்களை எனக்கு அனுப்பு.

இங்ஙனம்,
உன் பழைய ஆசிரியன்