சூடிக்கொடுத்த மாலை

இலக்கியமாயினும் விளையாட்டாயினும், ஒரு துறையின் வளர்ச்சி புதியோரை மூத்தோர் ஏற்கும் முறையைப் பொறுத்ததாகும். இதனைத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் வரலாறு உணர்த்துகிறது. இறைவனுக்குரிய மாலையைக் கோதை முன்னரே சூடிப் பார்த்தார். முறை பிறழ்ந்ததெனப் பெரியாழ்வார் கடிந்துகொண்டார். இறைவனோ அவர் சூடிய மாலையையே விரும்பினான். கடிந்தவரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது மரபு. ஆழ்வார் பன்னிருவருள் ஆண்டாள் ஒருவரே பெண். அவருடைய 173 பாசுரங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன. அன்று பிழையெனப்பட்ட மாலையே கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காப்பியமாகிய ஆமுக்தமால்யதாவுக்குப் பெயராயிற்று. அக்காப்பியத்தை அருகிலுள்ள இராசபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா தமிழாக்கினார். பிழை திருத்துதல் மூத்தோர் கடமை. வாயிலை அடைத்தல் கடமையன்று. முதல் முயற்சி எள்ளப்படும் இடத்தில் இரண்டாம் முயற்சி பிறப்பதில்லை.