காணாமல் போனவரைத் தேடும்போது

வீட்டில் ஒருவரைக் காணவில்லையா? 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடனே காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். குழந்தை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள். குழந்தை காணாமல் போனால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 உத்தரவு.

பழைய கல்யாண போட்டோ உதவாது. அண்மைப் படம் வேண்டும். அன்று உடுத்திய உடை, தழும்பு, தினமும் சாப்பிடும் மாத்திரை, செல்போன் பெட்டியிலுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

தனியார் துப்பறிவாளரை நாடுவது தவறில்லை. ஆனால், "போன் அழைப்புப் பட்டியல் எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அதைச் சட்டப்படி கேட்டுப் பெறும் அதிகாரம் அவருக்கு இல்லை. துப்பறிவாளரை அமர்த்தினால், பேசிய தொகையையும் வேலையையும் எழுத்தில் வாங்குங்கள். "ஆளைப் பார்த்தேன், பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்புகளும் வரும். அழைத்தவரின் எண்ணைப் போலீஸிடம் கொடுங்கள்.

காணாமல் போனவர் மனநலம் குன்றியவர் என்றால் காப்பகங்களிலும் விசாரியுங்கள். சென்னையில் 1993-இல் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, தெருவில் தவித்த பெண்கள் பலரைக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறது.

ஆள் கிடைத்ததும் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, பகிர்ந்த படங்களையும் மறக்காமல் நீக்குங்கள்.