மனுவை எந்த ஃபோனில் திறந்தாலும் தமிழாகத் தெரிய...

"தம்பி, கடையில நல்லாத்தான் தெரிஞ்சது. வீட்டுக்கு வந்து ஃபோன்ல திறந்தா ஒண்ணுமே புரியல!"

திண்டுக்கல் பேகம்பூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஃபோனை நீட்டினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மிச்சம் இருந்தது 4 நாள். பழைய மனுவில் கொஞ்சம் மாற்றினாலே போதும். ஆனால் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது, அவ்வளவுதான். இந்த வகைப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போடுபவை. அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனிக் குறியீட்டு எண்கள் உண்டு. அதனால் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும், உள்ளே தேடவும் முடியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினி இன்னும் ஓய்ந்தபாடில்லை!

எனவே கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "யூனிகோடுல அடிங்க. பிரிண்ட்டோட வேர்டு ஃபைலும் வேணும்." பழைய ஃபைல் இருந்தால், பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெரியவருக்கு அப்படித்தான் மாற்றினோம். ஆனால் ஆதார் எண், வங்கி விவரம் இருக்கும் பகுதியை அங்கே ஒட்டாதீர்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுசாகப் படித்துப் பார்ப்பதும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் வேர்டு தேவையா? தேவையில்லை. பெயர், முகவரி மட்டும் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பத்தை நேராக நிரப்பிவிடலாம். ஆனால் குறையை விரிவாக எழுதும் பெட்டி இருந்தால், முதலில் கூகுள் டாக்ஸில் எழுதி, பிறகு காப்பி செய்து ஒட்டுங்கள். நடுவில் நெட் போனாலோ, பக்கம் காலாவதியானாலோ எழுதியது மிஞ்சும். மேல்முறையீடு, தெருவே சேர்ந்து கொடுக்கும் மனு, மறுபடி திருத்த வேண்டிய கடிதம் என்றால் வேர்டு ஃபைல்தான் சரி.

டைப் அடிக்க வராதா? கீபோர்டின் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். சர்வே எண், தேதி, ஆட்களின் பெயர் ஆகியவற்றை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். மைக் அங்கேதான் காலை வாரும். பலர் கையெழுத்திடும் மனுவில் பெயர்களை ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்தாமல் டேபிள் போடுங்கள். இன்னொரு ஃபோனில் திறந்தாலும் வரிசை குலையாது.

அனுப்பும்போது பிடிஎஃப். கூகுள் டாக்ஸ் செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்', 'சென்ட் எ காப்பி' என்று போனால் பிடிஎஃப் கிடைக்கும். திருத்துவதற்கான மூல ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி புதுசு' என்று பெயர் வைக்காமல் பொருளும் தேதியும் வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

பெரியவரின் மேல்முறையீடு மறுநாளே பதிவுத் தபாலில் போய்விட்டது. அதற்கு முன் அவரிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: பிரிண்ட் எடுத்ததும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் மெயிலைத் திறந்திருந்தால் லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.